கல்லைப் பிடித்த வேரில் கை வைக்காதீங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக்கைப் பிடிச்சுப் பழக்கம் இல்லீங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். கல்யாணம் ஆனதுல இருந்து அடுப்படி, மாடு, பிள்ளைங்க இதுதான் என் உலகம். "உன் தொழிலைப் பத்தி பத்து நிமிஷம் பேசு"ன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. என் தொழில் என்னன்னா, மெட்ராஸ்ல மாடி வீடுகள்ல இருக்கிற போன்சாய் மரங்களுக்கு மண் மாத்துறது, கிளை கழிக்கிறது. கேட்டா சிரிப்பு வரும். ஒரு முழ உயர மரத்துக்கு ஒரு ஆளான்னு எங்க மாமியாரே கேட்டாங்க.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த கதையும் நம்ம குழுக் கணக்கும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் திருப்போரூர்ல பஸ் ஏறி அடையாறு, மயிலாப்பூர், தி.நகர்னு போய் வீட்டுத் தோட்ட வேலை பார்த்துட்டு இருந்தார். ஒரு பங்குனி மாசம் மரம் ஏறி விழுந்து இடுப்புல அடி. மூணு மாசம் எழுந்திருக்கக் கூடாதுன்னுட்டாங்க. வாடிக்கை வீடுங்க கை விட்டுப் போயிடக் கூடாதேன்னு நான் போக ஆரம்பிச்சேன். தண்ணி ஊத்துறது, சருகு கூட்டுறது, புல் பிடுங்குறது. அது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

அடையாறுல ஒரு வீட்டு மொட்டை மாடியில, சின்னக் கருங்கல்லை வேரால கட்டிப் பிடிச்ச மாதிரி ஒரு இச்சி மரம் இருந்துச்சு. நர்சரியில அதைப் பைக்கஸ்னு சொல்றாங்க. தொட்டியில தண்ணி இறங்காம மேலயே நிக்குது, இலை பழுக்குது. நாமதான் நாத்து பிடுங்கி நட்டவங்களாச்சே, இது என்ன பெரிய வேலைன்னு நினைச்சேன். சித்திரைக் கடைசி, அக்னி நட்சத்திரம் நடக்குது. அடிமரத்தைப் பிடிச்சு ஒரே இழுப்பு. கல்லு தொட்டியிலயே நின்னுடுச்சு, மரம் மட்டும் கையோட வந்துடுச்சு. கல்லைப் பிடிச்சிருந்த வேர் அத்தனையும் பட்டு பட்டுன்னு அறுந்துச்சு. அந்தச் சத்தம் இன்னிக்கும் என் காதுல கேக்குது. பயத்துல மிச்ச வேரையும் குழாயடியில வச்சு அலசினேன். ஊர்ல இருந்து கொண்டு போன வயல் மண்ணைப் போட்டு நட்டு, அதே வெயில்ல வச்சுட்டு வந்துட்டேன். பத்தே நாள்ல மரம் விறகா காஞ்சுபோச்சு.

அந்த வீட்டுக்காரங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், தப்பு என்னோடது. நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கின மரம்னாங்க. வீட்டுக்காரர் பதினஞ்சு வருஷமா சேர்த்த நல்ல பேர், ஒரு மரத்தால போகக் கூடாது. பணத்தைக் குடுத்துடுறேன்னு சொல்லிட்டு வந்தேன். கையில நானூறு ரூபாய் கூட இல்ல.

அந்த வாரக் கூட்டத்துல உள்கடன் கேட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, கூட்டத்துல எல்லாரும் ஒரே மாதிரி பேச மாட்டாங்க. "மாடு வாங்கக் கடன் குடுக்கலாம், தையல் மிஷின் வாங்கக் குடுக்கலாம். செத்துப்போன செடிக்கு எந்தக் குழுவாவது கடன் குடுக்குமா"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான். எனக்குத் தலை நிமிரல. அப்போ எங்க குழுவுல மூத்தவங்க, நாங்க சின்னம்மான்னு கூப்பிடுவோம், அவங்க சொன்னாங்க: "ஜெயிச்சவளுக்குக் கடன் குடுக்க பேங்க்காரன் இருக்கான். தோத்துட்டு வந்து நிக்கிறவளுக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா?"

கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு. அப்புறம் ஊக்குநர் அக்கா தீர்மானப் புத்தகத்தை விரிச்சு, "கடன் நோக்கம்னு இருக்கே, என்னன்னு எழுத"ன்னு கேட்டாங்க. சின்னம்மா "நஷ்டம்னே எழுதும்மா"ன்னாங்க. அப்படியே எழுதினாங்க. நோக்கம்: தொழில் நஷ்டம். தொகை நாலாயிரம். நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி, பத்து தவணை. அந்தப் பக்கம் இன்னிக்கும் புத்தகத்துல இருக்கு.

பணத்தைக் கட்டினேன். ஆனா மனசு ஆறல. ஏன் செத்துச்சுன்னு தெரியாம அடுத்த செடியைத் தொட முடியல.

மயிலாப்பூர்ல சித்திரக்குளத்துக்குப் பக்கத்துல ஒரு டீச்சரம்மா வீடு. ஓய்வு பெற்றவங்க, எழுபது வயசுக்கு மேல. அவங்க மாடியிலயும் ஒரு கல் மேல இச்சி மரம் உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது, மதில் விரிசல்ல முளைச்சிருந்த கன்னைப் பிடுங்கித் தூக்கிப் போடப் பார்த்தாங்களாம். இவங்க எடுத்துக் கல்லு மேல ஏத்திட்டாங்க. நம்ம கோயில் கோபுரத்துல அரசும் ஆலும் முளைச்சா உழவாரப் பணிக்காரங்க பிடுங்குறாங்க இல்லீங்களா, அதே சாதிதான். சுவத்துல இருந்தா சுவத்தைப் பிளக்கும். கல்லு மேல இருந்தா கல்லைக் கட்டிக் காக்கும். வேரோட குணம் ஒண்ணுதான், இருக்கிற இடம்தான் வேற.

டீச்சரம்மாகிட்ட அழுதுகிட்டே நடந்ததைச் சொன்னேன். அவங்க திட்டல. ஒரு நோட்டை எடுத்துக் குடுத்து, "வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதும்மா"ன்னாங்க. "மரத்துக்கு வரவு எது?" வேர் குடிக்கிற தண்ணி. "செலவு எது?" இலை வழியா வெயில் இழுக்கிற தண்ணி. "தண்ணி குடிக்கிறது தடி வேர் இல்ல, அதோட நுனியில தலைமுடி மாதிரி இருக்கிற சல்லி வேர். அதை அலசித் தள்ளிட்டே. வரவு நின்னு போச்சு. இலை ஒண்ணைக் கூடக் கழிக்கல, அக்னி வெயில்லயும் வச்சுட்டே. செலவு மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. அப்புறம் மரம் எப்படிம்மா பிழைக்கும்?"

பத்து வருஷமா குழுக் கணக்கு எழுதுறவளுக்கு இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்? அப்பவே புரிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் வாரம் ஒரு நாள் அவங்ககிட்ட கத்துக்கிட்டேன். போன்சாய்ங்கிறது ஜப்பான் சொல்லு, தட்டுல நட்டதுன்னு அர்த்தமாம். அதுக்கும் முன்னாலயே சீனாவுல இந்தக் கலை உண்டாம். கல்லு மேல வேர் ஓட விடுற முறைக்கு ஜப்பான்ல செகிஜோஜுன்னு பேர். செம்மொழிப் பூங்காவுல போய்ப் பாருன்னு அனுப்பினாங்க. கதீட்ரல் ரோட்டுல, முன்னால உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்துல 2010-ல் திறந்த பூங்கா அது. அங்க போன்சாய்க்குன்னே ஒரு பகுதி இருக்கு. நானும் எங்க குழுவுல ரெண்டு பேரும் போய் ஒவ்வொரு மரமா குனிஞ்சு குனிஞ்சு பார்த்தோம்.

ஒரு சந்தேகம் உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. மரத்தைக் குட்டையா வெட்டி வளர்க்கிறது பாவம், வீட்டுல வச்சா குடும்பம் வளராதுன்னு சொல்றாங்களே? டீச்சரம்மா ரெண்டு விஷயம் சொன்னாங்க. எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் தெற்குச் சுவத்துல தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில உட்கார்ந்திருக்கார். அந்த மரம் நம்ம கண்ணுக்கு ஒரு சாண்தான். அதை யாராவது குறைன்னு சொல்றோமா? இன்னொண்ணு, ஜப்பான்ல ஹிரோஷிமாவுல யமகின்னு ஒரு குடும்பம். 1625-ல் இருந்து தொட்டியில வளர்ந்து வந்த ஒரு பைன் மரம் அவங்ககிட்ட இருந்துச்சு. 1945-ல் அங்க அணுகுண்டு விழுந்தப்பவும் அந்த மரம் பிழைச்சுது. 1976-ல் அந்தக் குடும்பமே அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பா குடுத்துட்டாங்க. இப்பவும் வாஷிங்டன்ல இருக்கு. குண்டு போட்ட நாட்டுக்கே மரத்தைக் குடுத்திருக்காங்க பாருங்க. முந்நூறு வருஷத்துக்கு மேல யார் யாரோ அதுக்கு வேர் கழிச்சு, மண் மாத்தி, தண்ணி ஊத்தியிருக்காங்க. கவனிக்க ஆள் இருந்தா தொட்டி மரம் தலைமுறை தாண்டும். மண் மாத்தாம விட்டாதான் பாவம்.

மாசி மாசம் வந்துச்சு. டீச்சரம்மா மரத்துக்கும் தண்ணி இறங்கல. தொட்டி ஓட்டை வழியா வேர் வெளிய எட்டிப் பார்க்குது. அவங்களுக்கு மூட்டு வலி, குனிய முடியாது. "நீயே மாத்து"ன்னாங்க. என் கை நடுங்குச்சு. குழுவுல இன்னும் ஒரு தவணை பாக்கி இருந்த நேரம் அது. இதுவும் செத்தா நான் எந்த முகத்தை வச்சுட்டுக் கூட்டத்துல உட்காருவேன்? அவங்க நாற்காலியைப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்துகிட்டாங்க. அன்னிக்குச் செஞ்சதை வரிசையா சொல்றேன். வேணுங்கிறவங்க எழுதிக்கோங்க.

முதல்ல காலம். நம்ம பக்கத்துக்கு மாசி, பங்குனி நல்லது. விட்டா ஆடி. அக்னி நட்சத்திரத்துலயும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலயும் தொடக் கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்.

மண் கலவையை முந்தின நாளே தயார் பண்ணணும். உடைச்ச செங்கல் ரெண்டு பங்கு, கரட்டு மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நல்லா மக்கின சாணி எரு ஒரு பங்கு. செங்கல் துண்டு மிளகுக்குச் சின்னதாவும் இருக்கக் கூடாது, கொண்டைக்கடலைக்குப் பெரிசாவும் இருக்கக் கூடாது. தூளைச் சலிச்சுக் கொட்டிடணும். தூள் இருந்தா தண்ணி இறங்காது. வயல் மண் வேண்டவே வேண்டாம். அது தொட்டியில இறுகிச் சிமெண்டு மாதிரி ஆயிடும்.

முந்தின நாள் தண்ணி ஊத்தக் கூடாது. லேசா காஞ்சிருந்தாதான் மண் கட்டி சுலபமா கழண்டு வரும். வேலையை நிழல்ல செய்யணும். தொட்டி ஓரமா ஒரு மெல்லிசுக் கத்தியைச் சுத்தி விட்டு, கல்லுக்கு அடியில ரெண்டு கையும் குடுத்து, பிள்ளையைத் தொட்டில்ல இருந்து எடுக்கிற மாதிரி கல்லோட சேர்த்துத் தூக்கணும். அடிமரத்தைப் பிடிக்கவே கூடாது. நான் நாலாயிரம் குடுத்துக் கத்துக்கிட்டது இந்த ஒரு வரிதான்.

அப்புறம் ஒரு மூங்கில் குச்சியால அடி மண்ணையும் பக்கத்து மண்ணையும் மெதுவா கோதி விடணும். சிக்குப் பிடிச்ச தலையை வாருற மாதிரி, நுனியில இருந்து ஆரம்பிக்கணும். அப்போதான் ரெண்டு வகை வேர் தெரியும். ஒண்ணு, கல்லைச் சுத்தி இறங்கி அதைக் கவ்விப் பிடிச்ச வேர். அதுல கத்திரியும் படக் கூடாது, குச்சியும் படக் கூடாது. இன்னொண்ணு, கல்லுக்குக் கீழ தொட்டிச் சுவத்தை ஒட்டி வட்டம் வட்டமா சுத்திக் கிடக்கிற வேர். அதைத்தான் கழிக்கணும், அதுவும் மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். கத்திரி கூர்மையா, சுத்தமா இருக்கணும். மொட்டைக் கத்திரி வேரை நசுக்கிடும், நசுங்கின வேர் அழுகும். வேலை முடியுற வரைக்கும் வேர் மேல ஈரச் சாக்கு கிடக்கணும்.

தொட்டி ஓட்டைக்கு மேல கொசுவலைத் துண்டு போட்டு, ஓட்டை வழியா ஒரு கம்பியைக் கோத்து, கல்லைத் தொட்டியோட சேர்த்துக் கட்டிடணும். கல்லு ஆடினா புது வேர் பிடிக்காது. அப்புறம் கலவையைப் போட்டு, வேர் இடுக்குல காத்து தங்காதபடி குச்சியால குத்திக் குத்தி இறக்கணும்.

வேர் கழிச்சா தலையையும் கழிக்கணும். வரவு குறைஞ்சா செலவைக் குறைக்கணும், அதே கணக்குதான். ஆறு எட்டு இலை ஓடின கிளையை ரெண்டு மூணு இலை விட்டு வெட்டணும். உள்பக்கமா ஓடுற குச்சி, ஒண்ணை ஒண்ணு உரசுற குச்சி இதெல்லாம் போகணும். ஆனா மொட்டையும் அடிச்சுடக் கூடாது, இலை இருந்தாதான் வேர் திரும்ப ஓடும். வெட்டின இடத்துல பால் வரும், ஈரத்துணியால ஒத்தி எடுங்க. அந்தக் கையோட கண்ணைத் தொடாதீங்க, எரியும்.

கடைசியா பூவாளியால தண்ணி. தொட்டிக்குக் கீழ கலங்கலா வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ஊத்தணும். மூணு வாரம் வெளிச்சமான நிழல், காத்து அடிக்காத இடம். காலையும் சாயங்காலமும் இலை மேல தண்ணி தெளிக்கணும். ஒரு மாசத்துக்கு உரம் கிடையாது. அதுக்கப்புறம் காலை வெயில்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு கூட்டிக்கிட்டே போகலாம்.

இத்தனையும் செஞ்சேன். அஞ்சாம் நாள் ஆறு இலை உதிர்ந்துச்சு. எட்டாம் நாள் இன்னும் பத்து. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. ஊர்ல இருந்தபடியே ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டீச்சரம்மாவுக்குப் போன் போடுவேன். பன்னெண்டாம் நாள் போய் நின்னப்ப மரம் பாதி குச்சியா இருந்துச்சு. உரம் ஏதாவது வைக்கட்டுமான்னு கேட்டேன். "அடிபட்டவகிட்ட போய் அப்பவே ஓடுன்னு சொல்லுவியா? நிழல்ல விடு. நகத்தால பட்டையை லேசா கீறிப் பாரு"ன்னாங்க. கீறினேன். உள்ளே பச்சை. உயிர் இருக்கு. இடம் மாறினா இச்சி இலை உதிர்க்கிறது சகஜம்னு சொன்னாங்க.

பத்தொன்பதாம் நாள் ஒரு கிளை நுனியில ஊசி மாதிரி வெளிர் பச்சையில ஒரு மொட்டு. நான் அந்த மாடியில அப்படியே உட்கார்ந்துட்டேன். அடுத்த மாசம் கடைசித் தவணை கட்டினேன். அசலும் வட்டியும் சேர்த்து நாலாயிரத்து இருநூத்தி இருபது ரூபாய். ஒரு தவணை கூடத் தப்பல.

இன்னிக்கு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூணு பக்கமும் சேர்த்துப் பதினோரு வீட்டு மரங்கள் என் பொறுப்புல இருக்கு. எங்க குழுவுல இன்னும் ரெண்டு பேருக்குக் கத்துக் குடுத்திருக்கேன். கன்னைக் கல்லுல ஏத்துற வேலையும் செய்றோம். நீளமா வேர் விட்ட கன்னை எடுத்து, பள்ளமும் மேடுமா இருக்கிற கருங்கல்லு மேல வேரைப் பிரிச்சு விட்டு, பழைய சேலைக் கிழிசலால சுத்திக் கட்டி, கல்லு மூடுற அளவுக்கு மண்ணுல புதைச்சுடுவோம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மண்ணை எடுத்தா, வேர் கல்லைப் பிடிச்சிருக்கும். அவசரப்பட்டுத் திறந்தா பிடிக்காது.

டீச்சரம்மா ஒரு நாள் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பத்திச் சொன்னாங்க. நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரம். 1989-ல் அடிச்ச காத்துல நடு அடிமரமே சாய்ஞ்சு போச்சு. ஆனா மரம் சாகல. தரையில இறங்கின விழுதுங்களே அதை இன்னிக்கு வரைக்கும் தாங்குது. அதே 1989-லதான் தருமபுரி மாவட்டத்துல, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில, நம்ம மாநிலத்து மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் ஆரம்பிச்சுதுன்னு நமக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு விஷயமும் ஒரே வருஷம்னு நான்தான் டீச்சரம்மாவுக்குச் சொன்னேன். நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான்.

முடிக்கிறதுக்கு முன்னால கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நம்ம உள்கடன் நோக்கத்துல மாடு இருக்கு, கடை இருக்கு, படிப்பு இருக்கு, மருத்துவம் இருக்கு. நஷ்டம்ங்கிற நோக்கம் எல்லாக் குழுவுலயும் இல்ல. ஒருத்தி தொழில்ல தோத்துட்டு வந்து நின்னா, உண்மையைக் கூட்டத்துல சொல்றாளா, தவணை கட்டுறேன்னு கையெழுத்துப் போடுறாளான்னு பார்த்துட்டு, ஒரே ஒரு தடவையாவது அவளுக்குச் சின்னத் தொகை குடுக்கணும்னு தீர்மானம் போடுங்க. வேண்டாத செலவைக் கழிக்கச் சொல்லுங்க, கண்டிச்சுப் பேசுங்க, தப்பு இல்ல. ஆனா அவ குழுவைப் பிடிச்சிருக்கிற வேர்ல மட்டும் கை வைக்காதீங்க. அது அறுந்தா திரும்ப ஒட்டாது. நான் அறுத்துப் பார்த்தவ, அதான் சொல்றேன்.

வர்ற மாசியில எங்க வீட்டு வேப்ப மரத்தடியில நாலு தொட்டிக்கு மண் மாத்தப் போறோம். கத்துக்க ஆசை இருக்கிறவங்க வாங்க. ஒரு நல்ல கத்திரியும் ஒரு ஈரச் சாக்கும் கொண்டு வந்தா போதும், மோர் நான் தர்றேன்.

என் கடனுக்குக் கை தூக்கின என் குழுவுக்கும், அன்னிக்கு நியாயமா கேள்வி கேட்ட அந்த அக்காவுக்கும் நன்றி.